புழுதிக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள்

நம் விளக்கை நம்பி ஒருவர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகும், அதை அணைக்கும் உரிமை நமக்கு உண்டா? சென்ற வசந்தத்தில், அரிசோனாவிலிருந்து நியூ மெக்சிகோவுக்குப் போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், இந்தக் கேள்விக்கு நான் உடனே விடை சொல்ல வேண்டியிருந்தது. யோசிக்க அவகாசம் இருக்கவில்லை. என் விரல் விடை சொன்னது. அது சரியான விடைதானா என்பதை நான் இன்னமும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

பயணத்துக்குக் காரணம் மடம் போலீன் என்ற மூதாட்டி. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், நாங்கள் வசிக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தனியாக இருப்பவர். கியூபெக்கின் முதியவர்கள் பலரைப் போல அவரும் பனிக்காலத்தை அரிசோனாவில் கழிப்பது வழக்கம். இந்த முறை அங்கே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, விமானத்தில் ஊர் திரும்பினார். கார் அங்கேயே நின்றுவிட்டது. என் அக்காவின் மகளுக்குக் கார்டரி எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்காமல் நாங்கள் அலைந்த காலத்தில், குழந்தையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றைப் பிசைந்தபடி அக்காவின் கணவரான அத்தான் அறிவித்தார்: "மடத்தின்ர காரை நாங்கள் போய் ஓடிக்கொண்டு வாறம்."

"ஆர் அந்த நாங்கள்?" என்று அக்கா கேட்டாள்.

அத்தான் என்னைப் பார்த்தார்.

நான் சமூகப்பணி படித்தவள். வாடகைக் குடியிருப்பாளர்களுக்கு உதவும் சிறிய அமைப்பொன்றில் வேலை செய்கிறேன். அமெரிக்க அரசின் போக்கைக் கண்டித்து, இந்த நாட்களில் அந்த எல்லையைக் கடப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அந்தத் தீர்மானத்தை நண்பர்களிடம் சற்றுப் பெருமையாகவே சொல்லியும் இருந்தேன். ஆனால் ஒரு தீர்மானத்தின் சுமையை அதை எடுத்தவர்தான் தாங்க வேண்டும். எழுந்து நடக்க முடியாத ஒரு மூதாட்டியின் தோளில் அதை ஏற்றுவது நியாயமாகப் படவில்லை. அத்தானுடன் விமானத்தில் புறப்பட்டேன்.

முதல் நாள். டூசான் நகருக்கு வெளியே, முதியவர்கள் வந்து தங்கும் சிறு வீடுகளின் குடியிருப்பு ஒன்றில் கார் நின்றது. வந்தவர்களில் பெரும்பாலோர் வடக்கே திரும்பிவிட்டிருந்தார்கள். வெறுமையான வீடுகளின் முன்னால், மேற்கு நோக்கி வரிசையாகப் போட்ட நாற்காலிகள் மட்டும் எஞ்சியிருந்தன. ஒரு வேலியில் கட்டியிருந்த கியூபெக் கொடி வெயிலில் வெளிறி, நீலம் இருந்த இடமே தெரியவில்லை. காற்று இல்லாத அந்த மாலையில், எங்கோ ஒரு வீட்டின் கதவு மட்டும் மெல்ல மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. "மோசமான காற்று வரப்போகிறது" என்று காவல் பார்க்கும் பெண் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "என் பற்கள் கூசுகின்றன" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

இரவுச் சாப்பாடு ஒரு மெக்சிகோப் பெண்மணியின் சிறு கடையில். சோள மாவுக்குள் இறைச்சி வைத்து, சோளக் கதிரின் மடலிலேயே சுற்றி அவித்திருந்தார்கள். அத்தான் மடலைப் பிரித்து ஆவியை முகர்ந்தார். "பார் பிள்ளை, எங்கட கொழுக்கட்டைக்கு இஞ்சை ஒரு ஒண்டுவிட்ட தம்பி இருக்கிறான்!" கடைக்கு எதிரே, பாலைவனத்தின் நடுவில், ஒரு கோல்ஃப் மைதானம் பச்சைப் பசேலென்று நனைந்துகொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீரை எந்த ஆற்றிலிருந்து, யாருடைய பங்கிலிருந்து எடுக்கிறார்கள் என்று நான் ஆரம்பித்தேன்.

"முதல்ல சாப்பிடு. தண்ணியைப் பேந்து காப்பாத்தலாம்" என்றார் அத்தான்.

இரண்டாம் நாள் காலையில் வானத்துக்கு நிறமே இல்லை. மேகமும் இல்லை, நீலமும் இல்லை. கழுவாத பால் போத்தல் போல ஒரு மங்கல். கார்க் கதவைத் தொட்டபோதெல்லாம் விரல்நுனியில் மின்சாரம் சுருக்கென்றது. கிழக்கு நோக்கி ஓடத் தொடங்கினோம். முட்புதர்களும் கம்பிவேலியும் தொலைவில் ஒரு தண்டவாளமும் கூடவே வந்தன. வேலியின் ஒவ்வொரு முள்ளிலும் பிளாஸ்டிக் பைகள் சிக்கி, எல்லாம் ஒரே திசையில் விறைத்துப் படபடத்தன. வீடு இல்லை, மாடு இல்லை, எதிரே வரும் வாகனங்களும் வரவரக் குறைந்தன.

காய்ந்துபோன ஒரு பெரிய ஏரிப்படுகையை நெருங்கும்போது, சாலையோரத்தில் அறிவிப்புப் பலகைகள் வரிசையாகத் தொடங்கின. புழுதிப் புயல் வந்தால் சாலையை விட்டு ஒதுங்குக. இயந்திரத்தை நிறுத்துக. பிரேக்கிலிருந்து காலை எடுக்குக. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பலகை. நான் உரக்க வாசித்து அத்தானுக்கு மொழிபெயர்த்தேன்.

"பிரேக்கிலயிருந்து காலை ஏன் எடுக்கவேணும்?"

"தெரியேல்லை. லைட் எரியக்கூடாது போல."

"லைட் இல்லாட்டிப் பின்னால வாறவன் வந்து இடிப்பானே! ஆரோ கந்தோர் மேசையில இருந்து எழுதினது."

அத்தானின் கேலிக்குப் பின்னால் அனுபவம் இருந்தது. ஜான்-டலோன் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறியை அவர் இருபது வருடங்களாக ஓட்டுகிறார். கியூபெக்கில் பனி சுழன்றடித்துச் சாலை மறையும்போது, அங்குள்ளவர்கள் செய்வது ஒன்றுதான்: அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகளைக் கண்ணால் பற்றிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து போவார்கள். யார் முன்னால் போகிறாரோ அவர் பின்னால் வரும் எல்லோருக்குமாக ஓட்டுகிறார். நின்றுவிட்டால் குளிரில் விறைத்துச் சாக நேரலாம். அங்கே விளக்கு எரிவதுதான் நாகரிகம்.

படுகைக்குச் சற்று முன்னால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். எங்கள் காரின் கியூபெக் இலக்கத்தகட்டைக் கண்டு, படுக்க வசதியுள்ள வெள்ளை வேன் ஒன்றிலிருந்து ஒரு முதியவர் இரு கைகளையும் விரித்தபடி வந்தார். பெயர் ரெமி, கியூபெக்கின் சாகுனே பக்கத்தவர். மனைவி லீஸ் வேனுக்குள் இருந்தபடியே கையசைத்தார். ரெமியும் அத்தானும் பிரெஞ்சில் பேசிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன்.

"எந்த ஊர் நீங்கள்?"

"கோட்-டெ-நெய்ஜ்."

"அதற்கு முன்னால்?"

"அதற்கு முன்னால் பார்க் எக்ஸ்டென்ஷன்" என்று மொன்றியலின் இன்னொரு பகுதியைச் சொன்னார் அத்தான், முகத்தை அசைக்காமல்.

ரெமி ஒரு கணம் விழித்து, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அதன்பின் இருவரும் பழைய சிநேகிதர்கள். மேற்கே ஒரு கபிலக் கோடு எழும்பிக்கொண்டிருந்ததை நான் காட்டினேன். "இது வெறும் மண், மகளே! மூக்கு நுனி தெரியாத பனியில் நான் திருமணத்துக்குப் போனவன். அதுவும் என்னுடைய திருமணத்துக்கு" என்றார் ரெமி. "போவோம். நீங்கள் முன்னால் போங்கள். நான் உங்கள் விளக்கை விடமாட்டேன்." தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளட்டுமா என்று லீஸ் கேட்டார். "முன்னாலேயே வண்டி தெரியும்போது எண் எதற்கு?" என்றார் ரெமி.

படுகையின் நடுவே புயல் எங்களைப் பிடித்தது. அது வந்ததென்று சொல்வதைவிட, உலகம் விலகிப்போனது என்று சொல்வது பொருத்தம். முதலில் மலைகள் இல்லை. பிறகு தண்டவாளம் இல்லை. பிறகு காரின் முன்மூடி மட்டும் எஞ்சி, அதுவும் செம்மஞ்சள் இருட்டில் மிதந்தது. மணல் கண்ணாடியை ஓயாமல் கிசுகிசுத்துத் தேய்த்தது. அத்தான் அபாய விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, சாலையோர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஊர்ந்தார். பின்கண்ணாடியில் வேனின் முன்விளக்குகள் இரண்டும் மங்கலாகத் தெரிந்தன, மறைந்தன, மறுபடியும் தெரிந்தன.

"வருகினமா?"

"வருகினம் அத்தான்."

வெள்ளைக் கோடும் மறைந்தபோது, அத்தான் வலப்புறம் ஒதுக்கி, சாலையை விட்டு மண்ணுக்குள் இறக்கி நிறுத்தினார். அபாய விளக்கு டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் பார்த்தேன். எதுவும் இல்லை.

"அத்தான், லைட்டை நூருங்கோ. அந்தப் பலகையில…"

"விசரே உனக்கு? அந்தச் சனம் எங்கட லைட்டைப் பாத்துத்தான் வருது. நூத்தா அதுகள் எங்கை போறது?"

அவர் சொல்லி முடிக்கும் முன்னர், பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் எழுந்தது. வேனின் வெளிச்சம் இல்லை; மிக உயரத்தில், மிக வேகத்தில் வந்தது. ஒரு பெரிய லொறி. எங்கள் விளக்குகளைச் சாலையில் போகும் வாகனத்தின் விளக்குகள் என்று எண்ணி, எங்கள் பின்னால் வருவதற்காகவே அது சாலையை விட்டுத் திரும்பியிருந்தது. கடைசி நொடியில் ஓட்டுநருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஊதுகுழல் அலற, எங்கள் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு, லொறி மீண்டும் சாலைக்குத் திரும்பிப் புழுதிக்குள் மறைந்தது. கார் ஆடி அடங்கியது.

பலகைகளின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இங்கே எரியும் விளக்கு எச்சரிப்பதில்லை, அழைக்கிறது. அடுத்த லொறியையும் அழைக்கும். ஆனால் ரெமியும் லீஸும் எங்கோ பின்னால் அந்த அழைப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எரியவிட்டால் நாங்கள் இருவரும், எங்களை இடிப்பவரும் சாகலாம். அணைத்தால் அவர்கள் கைவிடப்படுவார்கள்.

நான் அபாய விளக்கின் பொத்தானை அழுத்தினேன். டிக், டிக் நின்றது. "காலையும் எடுங்கோ" என்றேன். அத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். மற்ற விளக்குகளையும் இயந்திரத்தையும் நிறுத்தினார்.

அதன் பிறகு இருந்த அமைதியை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. மணலின் கிசுகிசுப்பு மட்டும். ஒருமுறை எங்கோ ஒரு ரயில் ஊதியது. வலப்புறமா இடப்புறமா என்று சொல்ல முடியவில்லை. பின்னர் ஒரு வாகனம் எங்களை மெதுவாக, மிக மெதுவாகக் கடந்துபோவது போன்ற ஓசை. சக்கரங்களின் கீழ் சரளை நெரியும் ஓசை. சாலையில் சரளை கிடையாது. நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. அத்தான் தேவாரத்தின் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். அடுத்த அடி அவருக்கு வரவில்லை.

புழுதி வந்ததைப் போலவே, எதையும் சொல்லாமல் தளர்ந்தது. சாலை தெரிந்தது. முன்னும் பின்னும் வெறுமை. வெள்ளை வேன் எங்கும் இல்லை.

நின்றுபோன வாகனங்களைச் சோதித்தபடி ஒரு நெடுஞ்சாலைக் காவலர் வந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டு, தன் காரை முன்னால் மெதுவாக ஓட்டினார். நாங்கள் பின்னால் போனோம். சிறிது தூரத்தில் கம்பிவேலி ஓரிடத்தில் அறுந்து கிடந்தது. அங்கிருந்து இரண்டு சக்கரத் தடங்கள் புதர்களை நசுக்கிக்கொண்டு, பாலைவெளிக்குள் நேராக, தயக்கமே இல்லாமல் போயிருந்தன.

நடந்தோம். வேன் நின்றுகொண்டிருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, உலர்ந்த கண்ணாடியில் துடைப்பான்கள் முனகியபடி போய்வந்தன. ரெமி சுக்கானைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். லீஸ் வெளியே நின்று, வேனின் முன்சக்கரங்களுக்கு அப்பால் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நிலம் முடிந்திருந்தது. வறண்ட ஓடை ஒன்று, இரண்டு ஆள் ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போனது.

எங்களைக் கண்டதும் ரெமிக்குக் கோபம் வந்தது. "ஒருமுறை நின்றீர்கள். நானும் நின்றேன். பிறகு கிளம்பினீர்கள். நானும் வந்தேன். ஏன் இங்கே திருப்பினீர்கள்?"

"நாங்கள் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை" என்றார் அத்தான்.

"உங்கள் விளக்குகள் என் முன்னாலேயே இருந்தன. கடைசி வரை. இடப்பக்க விளக்கு கொஞ்சம் மங்கல்."

அத்தானும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். மடம் போலீனின் காரில் இடப்பக்க விளக்கு மங்கல்தான்.

காவலர் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று ஓடையின் விளிம்புக்குப் போனார். "நீங்கள் இல்லையென்றால் முன்னால் போனது வேறொரு வாகனம். அதில் இருந்தவர்கள் எங்கே?" அந்தக் கேள்வி எங்கள் எல்லோரையும் உலுக்கியது. ஓடைக்குள் இறங்கித் தேடினோம். மேலும் கீழும் தேடினோம். மணல் கலையாமல் கிடந்தது. ஒரு முயலின் காலடிகூட இல்லை. காவலர் மேலே வந்து தடங்களைக் குனிந்து பார்த்தார். "இங்கே வந்தது ஒரே ஒரு வாகனம்."

"மற்றதைக் காற்று அழித்திருக்கும்" என்றார் ரெமி.

"அப்படியானால் உங்களுடையதையும் அழித்திருக்க வேண்டுமே."

லீஸ் என்னைத் தனியே அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்கள் விளக்கை அணைத்தீர்களா?"

"அணைத்தோம்."

"எப்போது?"

"லொறி எங்களைத் தாண்டிய உடனே."

"அந்த லொறியின் ஊதலை நாங்களும் கேட்டோம். அதற்குப் பிறகு நாங்கள் நெடுநேரம் ஓட்டினோம்" என்றார். பிறகு: "எனக்கு எந்த விளக்கும் தெரியவில்லை. அவர் 'அதோ, அதோ' என்று சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை வருடங்கள் ஓட்டியவரிடம் எப்படிச் சொல்வது? என் கண்தான் பழுது என்று நினைத்தேன். கடைசியில் பயம் தாங்காமல் கைப்பிரேக்கை இழுத்துவிட்டேன். பள்ளம் இருப்பது எனக்குத் தெரியாது."

அன்று மாலை நால்வரும் ஒரு சிற்றூர் விடுதியில் தங்கினோம். பச்சை மிளகாய்க் கறியை அத்தானும் நானும் உண்டோம், ரெமி தொடவில்லை. சாப்பாட்டின் நடுவே எழுந்து, காரின் பின்விளக்குகளைப் போட்டுக் காட்ட முடியுமா என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் போட்டார். ரெமி முற்றத்தில் நின்று, அந்தி வெளிச்சத்தில், அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளையும் நீண்ட நேரம் பார்த்தார். "இவைதான்" என்றார். "இவையேதான்."

புயலில் ரெமி கண்டது ரயிலின் கடைசிப் பெட்டி விளக்கு என்று அத்தானுக்கு நம்பிக்கை. ரயில் விளக்கு ஒன்றுதான் என்பதையும், தண்டவாளம் சாலைக்கு மறுபுறம் என்பதையும் நான் அவரிடம் சுட்டிக்காட்டவில்லை. எனக்கு வேறொரு எண்ணம். முன்னால் விளக்கு இருக்கும் என்று நாங்கள் அந்த மனிதருக்கு உறுதி கொடுத்தோம். நாங்கள் அதை அணைத்ததைச் சொல்ல எங்களுக்கு வழி இருக்கவில்லை. உறுதி மட்டும் எங்களை விட்டுவிட்டு அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இதைப் பகுத்தறிவு என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. சரளை நெரிந்த ஓசையை நானும் அத்தானும் கேட்டோம்.

மூன்றாம் நாள் காலை காற்றே இல்லை. வேனின் ஓட்டுநர் இருக்கையில் லீஸ் ஏறினார். சன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்கள் முன்னால் போய்விடுங்கள். உங்கள் வண்டி எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போகும்வரை நாங்கள் இங்கே கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறோம்."

அதன்பின் மழை, சோளவயல்கள், ஏரிக்கரைகள், எல்லை. கார் மடம் போலீனிடம் போய்ச் சேர்ந்தது. உடைந்த பக்கக் கண்ணாடியைப் பார்த்து, "பாலைவனத்தில் மரம்கூட இல்லையே, எதில் மோதினீர்கள்?" என்று கேட்டார். அத்தான் முதல்முறையாக ஒரு பகிடிகூடச் சொல்லவில்லை.

சென்ற மார்கழியில் ரொறன்ரோவில் ஒரு உறவுத் திருமணம். இங்கிருந்து நாலைந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். புறப்படும்போது பனி கொட்டத் தொடங்கியது. "அண்ணை, நாங்கள் உங்கட பின்னால வாறம்" என்றான் அக்காவின் மைத்துனன்.

"வேண்டாம்" என்றார் அத்தான். "கிங்ஸ்ரனில தேத்தண்ணிக்கு நிப்பம். அங்கை வாங்கோ. வழியில கண் தெரியாட்டி, கண்ட கடையடியில ஒதுங்கி எனக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ."

"என்ன அண்ணை, கோவமோ?"

"கோவம் இல்லை. என்ர லைட்டைப் பாத்து வராதையுங்கோ."

அவர்கள் மனத்தாங்கலுடன் தனியே போனார்கள். இப்போது நாங்கள் யாரையும் எங்கள் பின்னால் வரச் சொல்வதில்லை. யாருடைய பின்னாலும் போவதுமில்லை. புறப்படும் முன் எண்களை வாங்கிக்கொள்கிறோம், சந்திக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். பனிக்காலத்தில் நான் ஓட்டும்போது, என் காரின் பின்கண்ணாடியில் ஒரே வண்டியின் முன்விளக்குகள் நெடுநேரம் தொடர்ந்து வந்தால், அடுத்த திருப்பத்தில் ஒதுங்கி, அவற்றைப் போகவிடுகிறேன்.